இரண்டு ஓட்டை போட்ட துண்டு

அணுப்பொறியியல் முதுகலை வகுப்பில் அந்த வருஷம் நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் காகிதத்தில் அணு உலை கட்டினார்கள். நான் ஒருத்திதான் ஆம்பூருக்கு எருமைத் தோல் வெட்டப் போனேன். யார் புத்திசாலி என்று இப்போது யாராவது கேட்டாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

1967ஆம் வருஷம் அது. சென்னையில் எங்கள் கல்லூரியில் அந்த வகுப்பு தொடங்கி இரண்டாவது ஆண்டு. பெயர்தான் அணுப்பொறியியல். உலை கிடையாது. இருந்ததெல்லாம் கதிர்களை எண்ணிச் சொல்லும் ஒரே ஒரு கருவி, கொஞ்சம் ஈயக் கட்டிகள், பிறகு பேராசிரியர் அரங்கநாதன். கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வு செய்து, அதை எழுதிக் கட்டிக் கொடுத்து, பம்பாயிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதில் நன்றாகத் தேறும் ஒருவருக்குப் பம்பாயில் ஆராய்ச்சி வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்காகத்தான் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் வீட்டிலிருந்து, வகுப்பில் ஒரே பெண்ணாக, இரண்டு வருஷம் எல்லார் கிண்டலையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சக மாணவன் சுந்தரமூர்த்தி முதல் நாளே சொன்னான். "மனோரமா, கணக்கு எடுத்துக்கோ. கணக்கு எங்கயும் ஓடிப் போகாது. சோதனைன்னா நாய் படாத பாடு படணும்." நான் கேட்கவில்லை.

என் யோசனை எளிமையானதுதான். தோலைப் பதப்படுத்தக் குரோம் உப்புக் கரைசலில் போட்டு, பெரிய மர டிரம்மில் மணிக்கணக்காக உருட்டுவார்கள். குரோம் தோலின் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல உள்ளே ஏறும். எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து சொன்னால் டேனரிக்காரர்களுக்கு உபயோகம். சாதாரணக் குரோமோடு ஒரு சொட்டுக் கதிரியக்கக் குரோமைக் கலந்துவிட்டால் போதும். தோலைக் குறிப்பிட்ட நேரங்களில் எடுத்து, ஏடு ஏடாகச் சீவி, ஒவ்வொரு ஏட்டையும் கருவியில் வைத்தால் எந்த ஆழத்தில் எவ்வளவு குரோம் என்று அதுவே எண்ணிச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு தொல்லை. கதிரியக்கக் குரோம் இருபத்தெட்டு நாளில் பாதியாகிவிடும். அடுத்த இருபத்தெட்டு நாளில் அந்தப் பாதியிலும் பாதி. நாம் தூங்கினாலும் சாப்பிட்டாலும் அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும். வருஷத்துக்கு இரண்டு குப்பிதான் எங்கள் கல்லூரிக்குத் தருவார்கள். இந்தப் பருவத்துக்கு ஒன்று. அது எனக்கு.

ஜனவரி ஏழாம் தேதி குப்பி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்தது. அதை வைத்திருந்த ஈயப் பானைமேல் ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டைப் பார்த்துவிட்டு பார்சல் குமாஸ்தா தர மாட்டேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்துகொண்டார். ஒன்பதாம் தேதி பேராசிரியரே வந்து கையெழுத்துப் போட்டு மீட்டார். அந்த வாரம் ரம்ஜானும் பொங்கலும் சேர்ந்து வந்து ஆம்பூரில் ஒரு கதவும் திறக்கவில்லை. பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமைதான் டேனரிக்குள் கால் வைத்தேன்.

வியாழன்தான் கிடைக்கும் என்று முதலாளி ஆபித் பாஷா முன்பே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக டேனரி விடுமுறை என்பதால் வியாழனன்று புதுச் சரக்கு ஏற்ற மாட்டார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன டிரம் அன்றைக்குச் சும்மா இருக்கும். நல்ல மனிதர். கல்லூரிக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்களுக்கு இன்னா வேணுமோ வேலுகிட்ட கேளுங்கம்மா. டிரம் ஷெட்டுக்கு அவன்தான் எல்லாம்" என்று விட்டுவிட்டார்.

வேலு டிரம் ஷெட் மேஸ்திரி. முப்பத்தைந்து வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் குரோம் ஏறிய நீலம். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். சுண்ணாம்பிலிருந்து எடுத்துக் கழுவிய எருமைத் தோலில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து துண்டு வெட்ட வேண்டும். முதல் துண்டுக்கு ஒரு ஓட்டை, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி ஐந்து வரை அடையாளம். எல்லாவற்றையும் மற்றத் தோல்களோடு சேர்த்து டிரம்மில் போட வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி, எட்டு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

"சரிம்மா. ஆனா ஷெட்டுக்குள்ள நீங்க வரவேணாம்" என்றார்.

"ஏன்?"

"ஆளுங்க கோவணத்தோட நிப்பாங்க."

"எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல மேஸ்திரி."

"அவங்களுக்கு இருக்குதே."

ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ஷிப்ட் மாறும்போது அடிப்பது. நான் கடிகாரத்தைப் பார்த்து அதை அடிக்க வேண்டும், சத்தம் கேட்டதும் வேலு டிரம்மை நிறுத்தி அந்தந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. எல்லாவற்றையும் சாயங்காலம் அலசி, ஈரச் சாக்கில் சுற்றி, மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். குப்பியில் பாதியை நானே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாளி குரோம் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். மீதிப் பாதியை ஈயப் பானையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டேன். முடிந்ததும் டிரம் தண்ணீரைத் தனிக் குழியில் விட்டு மூடிவைக்கவும் ஏற்பாடு. எட்டு மணி நேரம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, நேரம் பார்த்துப் பார்த்து ஐந்து தடவை தண்டவாளத்தை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் டிரம் சத்தம் நிற்பதும், கொஞ்ச நேரத்தில் மறுபடி உருள்வதும் கேட்டது. மனசு நிறைந்திருந்தது. சாயங்காலம் ஐந்து துண்டும் சொன்னபடி கைக்கு வந்தன. நீலமாக, பார்க்க லட்சணமாக இருந்தன.

சென்னைக்கு வந்து சவர பிளேடால் ஒவ்வொரு துண்டையும் ஆறு ஏடாகச் சீவினேன். முப்பது ஏடு. ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தேன்.

முப்பதும் ஒரே எண்ணிக்கை.

ஒரு மணி நேரத் துண்டின் நடு ஏடும் எட்டு மணி நேரத் துண்டின் மேல் ஏடும் ஒன்று. வித்தியாசமே இல்லை. பேராசிரியர் அரங்கநாதன் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுப்படி பாத்தா எருமைத் தோல்ல ஒரு மணி நேரத்துல குரோம் முழுக்க ஏறிடுச்சும்மா. அப்படின்னா டேனரிக்காரன் எல்லாம் ஏன் விடிய விடிய டிரம் சுத்தறான்?"

"கருவியில ஏதாவது கோளாறா இருக்கலாம் சார்."

"பாருங்க."

பார்த்தேன். கருவியைப் பிரித்து மாட்டினேன். ஈயக் கட்டிகளை இடம் மாற்றினேன். பிளேடில் ஒட்டிக்கொண்டு எல்லா ஏட்டிலும் பரவியிருக்குமோ என்று மீதித் துண்டுகளைப் புதுப் புது பிளேடால் மறுபடி சீவினேன். அதே எண்ணிக்கை. பிப்ரவரி நடுவில் தேர்தல் வந்தது. எங்கள் கட்டடத்தில் வாக்குச்சாவடி. ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை யாரோ அதிகாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரே ஓட்டுப் போட்டு, எண்ணி, ஊர்வலம் போனது. என் குரோம் பூட்டிய அறைக்குள் கரைந்துகொண்டிருந்தது. அழுகையாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஒரு கட்சி பாக்கியில்லாமல் எல்லாரையும் திட்டினேன்.

அடுத்த மாதம் பிறந்ததும் வேறு வழி தோன்றாமல் ஆம்பூருக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். மார்ச் மூன்று. டேனரி வாசலில் போய் நின்றால் கேட் மூடியிருக்கிறது. வெள்ளிக்கிழமை. அத்தனை நாள் எனக்கு நாள் கிழமையே மறந்துபோயிருந்தது. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்னிக்கு லீவுன்னு தெரியாதாம்மா?" என்றார். பஸ் பிடித்து குடியாத்தம் வீட்டுக்குப் போய், அப்பா கேட்ட எதற்கும் சரியாகப் பதில் சொல்லாமல், சனிக்கிழமை காலையில் திரும்பி வந்தேன்.

வேலுவை ஆபீஸ் வாசலுக்கு வரச் சொன்னேன்.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் தண்டவாளத்தை அடிச்சப்போ ஒவ்வொரு தடவையும் துண்டை எடுத்தீங்களா?"

"எடுத்தேம்மா. அஞ்சு தடவையும் டிரம்மை நிறுத்தித்தான் எடுத்தேன்."

"அப்புறம்?"

"ஓரத்துல கத்தியால ஒரு கீறு கீறிப் பாத்தேன். நடுவுல பச்சையா நின்னுது. மறுபடி உள்ள போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பச்சையா நின்னது எல்லாத்தையும். சாயங்காலம் பதமாயிடுச்சு. அப்புறம்தான் அலசிக் கொடுத்தேன். ஏம்மா, ஏதாவது கெட்டுப்போச்சா?"

பச்சை என்று அவர்கள் சொல்வது குரோம் ஏறாமல் நடுவில் வெள்ளையாக நிற்கும் பகுதியை. நான் அளக்க வந்ததே அதைத்தான். எட்டு மணி நேரம் நான் அடித்த தண்டவாளத்துக்கு அந்த மனிதர் மரியாதையாக டிரம்மை நிறுத்தி, துண்டை எடுத்துப் பார்த்து, மரியாதையாகத் திரும்ப உள்ளே போட்டிருக்கிறார். என்னிடம் வந்து சேர்ந்தது ஐந்தும் எட்டு மணி நேரத் துண்டு.

கத்தினேன். ஆபீஸ் குமாஸ்தாக்கள் எழுந்து வந்து நிற்கிற அளவுக்குக் கத்தினேன். "உங்களை யாரு யோசிக்கச் சொன்னா? பச்சையா இருந்தா பச்சையாவே கொடுக்க வேண்டியதுதானே? ஆறு வாரம் போச்சு. என் படிப்பே போச்சு. இருக்கறதை இருக்கற மாதிரி கொடுக்க உங்களுக்குத் தெரியாதா?"

நான் மூச்சு வாங்கியபோது வேலு சொன்னார். "உள்ள தூணைக் காட்டறேன், வாங்கம்மா."

டிரம் ஷெட் வாசலில் ஒரு கல்தூண். அதில் ஒரு இரும்புக் கொக்கி. எந்த மேஸ்திரியின் கையிலிருந்து பச்சை நின்ற தோல் வெளியே போய்த் திரும்பி வருகிறதோ, அந்தத் தோலை அவர் பெயர் எழுதி ஒரு மாதம் அந்தக் கொக்கியில் தொங்கவிடுவது அந்த டேனரி வழக்கம். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலுவின் பெயர் தொங்கியது.

"ஒரு மாசம்மா. எம் பொண்டாட்டி சோறு எடுத்துக்கிட்டு வரும்போது துணியைத் தலையில இழுத்து மூடிக்கிட்டுப் போவா. அதுலேருந்து ஒண்ணுகூட என் கையிலேருந்து பச்சையாப் போனதில்ல. நீங்க காலேஜுக்கு எடுத்துட்டுப் போறீங்க. பெரிய பெரிய ஆளுங்க பாப்பாங்க. எப்படிம்மா பச்சையாக் கொடுக்கறது?"

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பானையில் மிச்சமிருக்கும் குரோம் அன்றைய தேதிக்குக் கால் பங்குதான் என்ற கணக்குதான் மண்டைக்குள் ஓடியது. போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "துண்டைக் குறுக்க வெட்டிப் பாத்தாலே தெரியுமேம்மா, முழுக்க நீலமா இருக்குதேன்னு. பாக்கலையா?" பார்த்தேன். அழகான நீலம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஊரில் யாராக இருந்தாலும் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார்கள்.

சின்ன டிரம் அடுத்த வியாழன்தான் கிடைக்கும். இன்னும் ஐந்து நாள். இந்தத் தடவை நான் உள்ளேதான் நிற்பேன், துண்டு வெட்டுவதும் நான்தான், எடுப்பதும் நான்தான் என்று ஆபித் பாஷாவிடம் அடித்துச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. ஆளுங்க லுங்கி கட்டிக்கட்டும்" என்றார்.

மார்ச் ஒன்பதாம் தேதி ஷெட்டில் எல்லாரும் லுங்கியோடு நின்றார்கள். நனைந்த லுங்கி காலைச் சுற்றிக்கொண்டு அவர்கள் படும் அவஸ்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதில் இரண்டு லுங்கி எங்கள் தெருத் தறியில் நெய்யும் கட்டம் போட்டவை. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மேடையில் விரித்திருந்த எருமைத் தோலிலிருந்து கை போன இடத்தில் ஐந்து துண்டு வெட்டினேன். வேலு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேஸ்திரி" என்றேன். அவர் நகர்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரத்தில் முதல் துண்டை எடுத்துக் கீறினேன். இரண்டு ஓரமும் நீலம், நடுவில் பால் வெள்ளை. வேலுவின் கை தானாக அதை வாங்க நீண்டது. நான் கொடுக்கவில்லை.

"எங்க பேர அதுல எழுதிடாதீங்கம்மா" என்றார்.

ஆய்வகத்தில் கால் பங்குக் குரோமோடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் தானாக வரும் கதிருக்கும், தோலிலிருந்து வரும் கதிருக்கும் வித்தியாசம் சொற்பம். ஒவ்வொரு ஏட்டையும் ஒரு மணி நேரம் வைத்து எண்ண வேண்டியிருந்தது. ஆனாலும் இந்தத் தடவை வந்தது. நடு ஏட்டின் எண்ணிக்கையை நேரத்தோடு வரைந்தால், ஒரு மணி நேரத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. நான்கு, ஆறு, எட்டு என்று படிப்படியாக ஏறியது. இரண்டு மணி நேரத் துண்டு மட்டும் வம்பு பண்ணியது. நான்கு மணி நேரத் துண்டைவிட அதில் குரோம் ஜாஸ்தி. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் எண்ணினேன். புள்ளி அங்கேயேதான் நின்றது.

பேராசிரியர் வரைபடத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "நாலு புள்ளி பிரமாதம். இந்த ரெண்டாவதை எடுத்துடுங்க. எண்ணிக்கை கம்மியா இருக்கும்போது இப்படி ஒண்ணு ரெண்டு தாறுமாறா வரும்."

"மூணு தடவையும் அதேதான் சார் வந்தது."

"அப்போ துண்டுலயே ஏதோ கெட்டிருக்கு. கேட்டா துண்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. பம்பாய்லேருந்து ஆள் வர்றாரு. ரெண்டாவது வருஷ டிபார்ட்மென்ட். கோணல் மாணலா ஒண்ணைக் கொடுத்தா நம்ம பேருதான் கெடும். உங்களுக்கும் அந்த வேலை வேணுமில்லையா?"

வேண்டும். மூன்று மாத எரிச்சலும் களைப்பும் சேர்ந்து, அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. புதுக் காகிதத்தில் நான்கு புள்ளி வைத்தேன். வளைகோடு வரையும் அச்சை வைத்து ஒரே இழுப்பில் கோடு போட்டேன். பத்து நிமிஷ வேலை. பார்க்க லட்சணமாக இருந்தது.

மார்ச் முப்பத்தொன்றில் ஆய்வைக் கட்டிக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வு ஏப்ரல் பன்னிரண்டு. நடுவில் ஒரு நாள் ஆபித் பாஷாவுக்கு ஒரு பிரதி கொடுக்க ஆம்பூர் போனேன். கிழமை பார்த்துத்தான் போனேன். நன்றிப் பக்கத்தில் அவர் டேனரியின் பெயரைப் போட்டிருந்தேன். அவர் சந்தோஷப்பட்டு வேலுவையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். நானும் பெருமையாகத்தான் பிரித்துக் காட்டினேன். இது நேரம், இது குரோம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு துண்டு என்று சொன்னேன்.

வேலு நீல நகத்தால் புள்ளிகளைத் தொட்டு எண்ணினார்.

"நாலுதான் இருக்குது. ரெண்டு ஓட்டை போட்ட துண்டு எங்கம்மா?"

"அது சரியா வரல மேஸ்திரி. நாலு மணி நேரத் துண்டைவிட ஜாஸ்தி காட்டுச்சு. விட்டுட்டேன்."

"ஜாஸ்திதான் காட்டும். அது வயித்துத் துண்டாச்சே."

"என்னது?"

"தோலுல முதுகுப் பக்கம் கெட்டியா இருக்கும், சீக்கிரம் ஏறாது. வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருக்கும், சீக்கிரம் குடிச்சிடும். நீங்க நாலு துண்டை முதுகுல வெட்டினீங்க, ஒண்ணை மட்டும் ஓரத்துல வயித்துல வெட்டினீங்க. சொல்ல வந்தேன். பேசாதேன்னுட்டீங்க." காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "உங்க மெஷின் நல்ல மெஷின்தாம்மா. சரியாத்தான் சொல்லியிருக்குது."

நான் பிரதியை மூடினேன்.

"நான் திருப்பி உள்ள போட்டேன்னு அன்னிக்கு அவ்ளோ கத்தினீங்களே" என்றார். குரலில் குத்தல் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

திரும்பும் ரயிலில் அரக்கோணம் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். எடுத்த வேலையில் மற்றவர்களுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடைத்ததென்றால் அது அந்தப் புள்ளிதான். முதுகும் வயிறும் ஒரே வேகத்தில் பதமாவதில்லை என்று என் கருவி மூன்று தடவை சொன்னது. மூன்று தடவையும் கேட்டுவிட்டு நான் அதை எடுத்து எறிந்தேன். வேலு எறியவில்லை. அவர் பதமாக்கிக் கொடுத்தார். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

வாய்மொழித் தேர்வில் பம்பாய்த் தேர்வாளர் அதிகம் பேசவில்லை. பக்கங்களைப் புரட்டினார். வரைபடத்தில் நின்றார்.

"ஐந்து துண்டு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு புள்ளிதான் இருக்கிறது. ஐந்தாவது என்ன ஆயிற்று?"

பேராசிரியர் அரங்கநாதன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். துண்டு கெட்டுப்போய்விட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் பம்பாய். நாக்கு நுனிவரை வந்தது. அந்த இரும்புக் கொக்கிதான் கண்முன் வந்து நின்றது.

"கெடவில்லை சார்" என்றேன். "நான் எடுத்துவிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை எண்ணியது, வயிற்றுப் பகுதி, முதுகுப் பகுதி, எல்லாம். பேராசிரியர் எடுக்கச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கோடு போட்டது என் கை. தேர்வாளர் பேனாவை மூடிவைத்தார்.

"வயிற்றுப் பகுதி என்று எப்படித் தெரிந்தது?"

"டேனரி மேஸ்திரி சொன்னார்."

"இந்தப் புத்தகம் முழுவதிலும் எனக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான். அது இதில் இல்லை. இதற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?"

ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அடுத்த குப்பி வந்ததும் மறுபடி செய்து எழுத வேண்டும். பம்பாய் வேலை சுந்தரமூர்த்திக்குப் போனது. அவன் காகித உலை இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை. வழியனுப்ப சென்ட்ரலுக்குப் போய், கையாட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

ஜூலையில் புதுக் குப்பி வந்தது. வியாழக்கிழமை காலையில் போய் நின்ற என்னைப் பார்த்து வேலு, "மறுபடியுமா?" என்றார்.

"மறுபடியும்தான். முதுகுல அஞ்சு, வயித்துல அஞ்சு. எங்க வெட்டணும்னு நீங்க கோடு போடுங்க."

நனைந்த தோலின்மேல் கத்திப் பிடியால் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். வெட்டினேன். பத்துத் துண்டும் ஓட்டை போட்டு உள்ளே போனது. டிரம் உருளத் தொடங்கியதும் கேட்டேன். "இந்தத் தடவை உங்க பேரையும் எழுதலாம்னு இருக்கேன் மேஸ்திரி. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க."

அவர் வாசல் தூணைத் திரும்பிப் பார்த்தார்.

"பச்சையா நிக்கிற துண்டையும் படம் போடுவீங்களா?"

"போடுவேன். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"அதுக்குப் பக்கத்துல எம் பேரு வேணாம்மா. எட்டு மணி நேரத் துண்டுக்குப் பக்கத்துல போடுங்க. அது பதமா இருக்கும்."

அக்டோபரில் கொடுத்த ஆய்வில் பத்துத் துண்டின் குறுக்குவெட்டுப் படமும் வரிசையாக இருக்கிறது. எட்டு மணி நேரத் துண்டின் கீழே, எடுத்தவர் வேலு என்று போட்டிருக்கிறேன். ஒரு மணி நேரத் துண்டு நடுவில் வெள்ளையாக, பார்க்கவே சகிக்காமல் இருக்கிறது. அதன் கீழே என் பெயர்.